வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: ஆண், பெண் என்ற உள்ளுணர்வு பிறப்பிலா, வளர்ப்பிலா?

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலின் நடுவே, "பாலின அடையாளத்தைப் பெற்றோர் ஊட்டி வளர்த்துவிட முடியாது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். விளக்கம் தராமல் விட்ட அந்த வரியைக் குறித்து, ஒப்புக்கொண்டும் மறுத்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் நான்கினை எடுத்துக்கொண்டு, இம்முறை பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே தருகிறேன். பொருளின் தன்மை கருதி, எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் "பாலின அடையாளம் பிறவியிலேயே அமைவதா, சமூகம் உருவாக்குவதா?" என்ற தலைப்பில் நான் சமூகமே என்ற அணியில் பேசினேன். பெண் குழந்தைக்குச் சொப்புச் சாமான், ஆண் குழந்தைக்குப் பந்து என்று தொட்டிலிலிருந்தே பழக்குவதால்தான் ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ ஆகிறார் என்று வாதிட்டேன். நடுவரோ, எல்லாம் மூளையிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று எதிரணிக்குத் தீர்ப்பளித்தார். எது சரி?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: பட்டிமன்றத்துக்கு இரண்டு அணிகள் தேவை என்பதால் தலைப்பை அப்படிப் பிளந்திருக்கிறார்கள். அந்தப் பிளவோடு தொடங்கினால் இந்தப் பொருள் பிடிபடாது. நீங்கள் பேசிய சொப்பும் பந்தும் ஒன்றைப் பற்றியவை. நடுவர் சொன்னது வேறொன்றைப் பற்றியது. பெண் இப்படித்தான் உட்கார வேண்டும், ஆண் அழக் கூடாது என்பன போன்றவை சமூகம் வகுத்த நடைமுறைகள். அவை ஊருக்கு ஊர் மாறும், பாட்டி காலத்துக்கும் பேத்தி காலத்துக்கும் இடையே தலைகீழாகவும் மாறும். "நான் பெண்", "நான் ஆண்", "நான் இந்த இரண்டிலும் அடங்காதவர்" என்று ஒருவர் தம்மைத் தமக்குள் உணர்ந்திருப்பது பாலின அடையாளம். யார்மீது ஈர்ப்பு ஏற்படுகிறது என்பது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது செய்தி. கடிதம் எழுதிய பலர் இம்மூன்றையும் ஒன்றாகவே கலந்து கேட்டிருக்கிறார்கள். உங்கள் பட்டிமன்றத்தின் தலைப்பு நடுவில் உள்ளதைப் பற்றியது. வளர்ப்பினால் அதை ஆக்க முடியுமா என்பதற்கு விடை தேடும்போது, கனடாவில் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது.

1965 ஆகஸ்டில் வின்னிபெக் நகரில் ரைமர் என்ற இளம் தம்பதிக்கு ஒரு கருவில் உருவான இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. புரூஸ், பிரையன் என்று பெயரிட்டார்கள். சிறுநீர் கழிப்பதில் இருவருக்கும் சிரமம் இருந்ததால், எட்டு மாதக் குழந்தைகளாக இருந்தபோது முன்தோலை நீக்கச் சொன்னார்கள். மின்சாரத்தால் சுட்டு அறுக்கும் கருவியைப் பயன்படுத்தியதில், முதலில் அறுவைக்குக் கொண்டுசெல்லப்பட்ட புரூஸின் ஆண்குறி சீர்செய்யவே முடியாதபடி கருகிப்போனது. பிரையனை அப்படியே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவனுடைய சிரமம் பிறகு தானாகவே சரியானது. இருபது வயதைக் கடந்தும் கடக்காமலும் இருந்த அந்தப் பெற்றோர், என்ன செய்வதென்று தெரியாமல் மாதக்கணக்கில் தவித்தபின், ஜான் மணி என்ற உளவியலாளரைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ நிறுவனத்தில் பெரும் மதிப்போடு இருந்தவர். குழந்தை பிறக்கும்போது அதன் மனம் ஆண், பெண் என்ற சார்பில்லாமல் இருக்கிறது, ஏறத்தாழ முதல் இரண்டாண்டுகளுக்குள் எப்படி வளர்க்கத் தொடங்குகிறோமோ அப்படியே அதன் அடையாளம் அமைந்துவிடும் என்பது அவருடைய கொள்கை. அவரிடம் குழந்தையைக் கொண்டுசென்றார்கள். 1967இல், குழந்தைக்கு 22 மாதம் ஆனபோது, விதைகளை அகற்றி, பிரெண்டா என்று பெயர் மாற்றி, பெண்ணாக வளர்க்கச் சொல்லி, உண்மையை ஒருநாளும் சொல்லக் கூடாது என்ற அறிவுரையோடு அனுப்பிவைத்தார்கள்.

ஒரே கருவில் உருவான இருவரில் ஒருவரை ஆணாகவும் மற்றவரைப் பெண்ணாகவும் வளர்ப்பது என்பது ஆய்வாளருக்கு வேறெங்கும் கிடைக்காத ஒப்பீடு. ஜான் மணி 1972இல் இதைத் தம் கொள்கையின் வெற்றியாக வெளியிட்டார்; உலகெங்கும் உளவியல், சமூகவியல் பாடநூல்கள் அதை எடுத்துக்கொண்டன. நான் மருத்துவம் படித்தபோது அதைத்தான் படித்தேன். பிறகு பல ஆண்டுகள் மாணவர்களுக்கு அதையே பாடமாகவும் சொன்னேன். அந்த வகுப்புகளில் அமர்ந்திருந்தவர்கள் இன்று பல ஊர்களில் மருத்துவர்களாக இருக்கிறார்கள். அதை எண்ணும்போது இன்றும் எனக்கு வருத்தம் உண்டாகிறது.

வீட்டில் நடந்தது வேறு. பிரெண்டா கவுனைக் கிழித்தெறிந்தாள், தம்பியின் விளையாட்டுச் சாமான்களுக்காகச் சண்டையிட்டாள், பள்ளியில் எந்தக் கூட்டத்திலும் சேர முடியாமல் கேலிக்கு ஆளானாள். பெண்மைக்கான ஹார்மோன் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். மேலும் ஓர் அறுவை சிகிச்சைக்கு வற்புறுத்தினார்கள். பால்டிமோருக்குப் போகும் ஒவ்வொரு ஆண்டுப் பயணமும் அந்தக் குழந்தைக்குப் பெரும் வேதனையாயிற்று. 1980இல், பதினான்காம் வயதில், தகப்பன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தன்னைப் பைத்தியம் என்று எண்ணிக்கொண்டிருந்த தனக்கு அன்றுதான் எல்லாம் விளங்கியது என்று பின்னாளில் நினைவுகூர்ந்த அந்தப் பிள்ளை, டேவிட் என்ற பெயரோடு ஆணாக வாழத் தொடங்கினார். ஜான் மணியின் கொள்கையை 1965 முதலே மறுத்து வந்த பாலியல் ஆய்வாளர் மில்டன் டயமண்ட், டேவிட்டுக்கு முன்பு சிகிச்சையளித்த மனநல மருத்துவர் கீத் சிக்மண்ட்சனோடு சேர்ந்து 1997இல் உண்மையை மருத்துவ இதழில் வெளியிட்டார். இடைப்பட்ட கால் நூற்றாண்டில், அந்த ஒரு "வெற்றி"யைச் சான்றாகக் காட்டி எத்தனையோ குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தாகிவிட்டது. டேவிட் 2004இல், 38ஆம் வயதில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அதற்கு இரண்டாண்டு முன்னரே பிரையனும் இறந்திருந்தார். வேலையிழப்பு, மணவாழ்வில் விரிசல் என்று வேறு துயரங்களும் டேவிட்டுக்கு இருந்ததால், அந்த முடிவுக்கு ஒரே காரணத்தைச் சொல்வது சரியன்று.

இதைக் கேட்டதும், "அப்படியானால் நடுவர் சொன்னதே சரி" என்று நீங்கள் முடிவுகட்டக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். கனடாவிலேயே இன்னொரு குழந்தைக்கு, இரண்டாம் மாதத்தில் இதே விபத்து நேர்ந்து, ஏழாம் மாதத்தில் பெண்ணாக வளர்க்க முடிவு செய்தார்கள். 1998இல் வெளியான அறிக்கையின்படி, 26 வயதில் அவர் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்தார், பெண்ணாகவே வாழ்ந்தார். வயது வேறுபாடு காரணமா, வேறெதுவுமா என்று இரண்டு பேரை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அதனால்தான் 2004இல் வெளியான ஓர் ஆய்வு முக்கியமாகிறது. அடிவயிறு மூடாமல் பிறக்கும் ஒரு கடுமையான பிறவிக் குறைபாட்டில், எக்ஸ் ஒய் குரோமோசோம் கொண்ட ஆண் குழந்தைகளுக்கும் ஆண்குறி சரியாக உருவாகாது. அப்படிப்பட்ட 14 குழந்தைகளைப் பெண்களாக வளர்த்திருந்தார்கள். அவர்களுள் 8 பேர், தாம் ஆண் என்று அறிவித்தார்கள். மற்றவர்களுள் பெரும்பாலோர் பெண்களாகவே வாழ்ந்தார்கள். கருவறையில் ஏறத்தாழ ஒரே ஹார்மோன் சூழல், வளர்ப்பும் ஒரே வகை, இருந்தும் விளைவு ஒன்றாக இல்லை.

கரீபியக் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசின் மலைக் கிராமங்களில் வேறொரு நிலை இருந்தது. ஒரு நொதியின் குறைவால், பிறக்கும்போது பெண் குழந்தைபோலத் தோன்றி, பருவம் எய்தும்போது ஆணுடலாக மாறுகிறவர்களை ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி என்ற மருத்துவ ஆய்வாளர் 1970களில் ஆராய்ந்தார். பெண்களாகவே வளர்க்கப்பட்ட 18 பேரில் 17 பேர், பருவ வயதிலோ அதற்குப் பின்னரோ தம்மை ஆணாக உணர்ந்தார்கள் என்று 1979இல் எழுதினார். பிறவி என்ற அணிக்கு இது பெரிய ஆயுதம் என்று தோன்றும். ஆயினும் அந்த மக்களிடையே இப்படி மாறுகிறவர்களுக்கென்றே தனிப்பெயர் வழங்கியது. மாற்றத்தை ஏற்கும் பழக்கம் ஊரிலேயே இருந்தது. கண்ணெதிரே உடலும் மாறிக்கொண்டிருந்தது. இம்மூன்றையும் பிரித்தெடுத்து எடைபோட எந்தத் தராசும் இல்லை.

ஆகவே உங்களுக்கு என் விடை இதுதான்: வளர்ப்பு மட்டும் இந்த உணர்வை உருவாக்கும் என்ற வாதம் தோற்றுவிட்டது, அதற்குக் கொடுத்த விலை குழந்தைகளுடையது. பிறப்புக்கு முன்பே அதற்கு வலுவான அடித்தளம் இடப்படுகிறது என்று கருத நிறையக் காரணம் உண்டு. அந்த அடித்தளத்தை வைத்து ஒரு குழந்தை என்னவாக உணரும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடிந்ததில்லை என்பதும் அவ்வளவே உண்மை.

கேள்வி: பாலின அடையாளம் பிறவியோடு வருவது என்று சொன்னால், "பெண் இயல்பிலேயே அடங்கிப்போகிறவள், சமையலறைக்குப் பிறந்தவள்" என்று பேசுகிறவர்களுக்கு நீங்களே வலுச் சேர்ப்பதாகாதா? முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நான் மறுத்து வருவது அதைத்தான்.
– பள்ளி ஆசிரியை, மதுரை

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அப்படிப் பேசுகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். மேலே பிரித்துச் சொன்னவற்றை மீண்டும் நினைவுகொள்ளுங்கள். தன்னைப் பெண் என்று உணர்வது ஒன்று; பெண் என்பவள் இன்னின்ன வேலையைத்தான் செய்ய வேண்டும் என்பது வேறொன்று. முன்னதிலிருந்து பின்னதைப் பெறுவதற்கு வழியே கிடையாது. அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறு ஒன்றினால் கருவறையில் ஆண் ஹார்மோனை மிகுதியாகப் பெற்ற பெண் குழந்தைகளைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் பிற சிறுமிகளைவிட வண்டி, கட்டுமானப் பொருள்கள் போன்றவற்றை அதிகம் விரும்பி விளையாடுகிறார்கள். விளையாட்டு விருப்பம் அப்படி மாறியிருந்தும், மிகப் பெரும்பாலோர் தம்மைப் பெண் என்றே உணர்கிறார்கள். பந்து விளையாடப் பிடிக்கும் பெண் பெண்ணாகவே இருக்கிறாள் என்பதை உங்கள் வகுப்பு மாணவிகளிடம் நீங்கள் நாள்தோறும் பார்த்திருப்பீர்கள். ஆய்வும் அதையேதான் காட்டியது.

சமூகத்தின் பங்கு இல்லை என்று நான் எழுதவில்லை. அடையாளத்துக்குச் சொல்லும் வடிவமும் தருவது சமூகமே. இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் குழந்தை, தன்னை "பையன்", "பொண்ணு" என்று குறிப்பிடக் கற்றுக்கொள்கிறது. அந்தச் சொற்கள் பெரியவர்கள் கொடுத்தவை. பசிபிக் கடலின் சமோவாத் தீவில் பிறந்தால், ஆணுடலோடு பிறந்து பெண்களின் வழியில் வாழ்கிறவர்களுக்கென ஃபாஃபாஃபினே என்று ஒரு வாழ்வுமுறை காத்திருக்கிறது. தமிழ் நிலத்தில் பிறந்தால், கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்தெறிந்து அழுகிற சித்திரைத் திருவிழாவும், தாய் மகள் என்று தத்தெடுத்துக்கொள்ளும் உறவுமுறையும் காத்திருக்கின்றன. உள்ளே உள்ள உணர்வு எந்த வாய்க்காலில் ஓடும் என்பதை ஊர் தீர்மானிக்கிறது.

தமிழாசிரியைக்கு எழுதுகிறேனோ என்னவோ, ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நம் மொழியில் "வந்தான்", "வந்தாள்" என்று பிறரைப் பற்றிச் சொல்லும்போதுதான் வினைமுற்றில் பால் தெரியும். "நான் வந்தேன்" என்று சொல்லும்போது பால் தெரியாது. எனவே ஒரு தமிழ்க் குழந்தை தன்னைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைக் கேட்கும்போதுதான் தன்மீது ஒரு பால் ஏற்றப்படுவதை முதலில் உணர்கிறது. அந்த விகுதி நெருடுகிறது என்று என்னிடம் வந்த பல திருநங்கையரும் திருநம்பியரும் சொல்லியிருக்கிறார்கள். இலக்கணக்காரர்களும் இதைக் கவனிக்காமல் இல்லை. நன்னூல், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடினை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவாரைப் பெண்பாலாகவும் கொள்கிறது. அதே சூத்திரம் இருவரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்று முடிவது இன்று படிக்கும்போது மனத்தை உறுத்துகிறது. இருப்பினும், எந்த விகுதி சேர வேண்டும் என்பதற்கு "அவாவுதல்" என்ற சொல்லை, அதாவது அவரவர் உள்ளம் எதை நாடுகிறது என்பதை, பவணந்தியார் அளவுகோலாக எடுத்துக்கொண்டார் என்பது சிறிய செய்தி அன்று.

கேள்வி: இவ்வளவு குழப்பம் எதற்கு? இரத்தப் பரிசோதனை, குரோமோசோம் பரிசோதனை, மூளை ஸ்கேன் ஆகியவற்றை வைத்து, உண்மையாகவே திருநங்கை யார், வேடமிடுபவர் யார் என்று கண்டறிந்துவிடலாமே?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: கண்டறிய முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

குரோமோசோமிலிருந்து தொடங்குவோம். எக்ஸ் ஒய் குரோமோசோம் இருந்தும், ஆண் ஹார்மோனை உடலின் செல்கள் ஏற்க இயலாத நிலை ஒன்று உண்டு. அது முழுமையாக உள்ளவர்கள் வெளித்தோற்றத்தில் பெண்களாகப் பிறந்து, பெரும்பாலும் பெண்களாகவே தம்மை உணர்ந்து வாழ்கிறார்கள்; பூப்பு வரவில்லையே என்று மருத்துவரிடம் வரும்போதுதான் பலருக்கு விவரம் தெரிகிறது. அவர்களிடம் ஆய்வக அறிக்கையை நீட்டி "நீங்கள் ஆண்" என்பது எந்த வகையில் உண்மையாகும்? புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பால் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவரிடம் ஒரு காகிதம் வந்து வேறு சொன்னது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் அவருடைய ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பட்ட அவமானத்துக்கு இன்றுவரை எவரும் ஈடுசெய்யவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

மூளைக்கு வருவோம். 1995இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், இறந்துபோன ஆறு திருநங்கையரின் மூளையில் ஒரு சிறு பகுதி பெண்களின் அளவை ஒத்திருப்பதாகக் கண்டார்கள். பெரும் பரபரப்பு உண்டாயிற்று. பட்டிமன்ற நடுவர்கள் எல்லாம் இன்றும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆறு பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. அவர்கள் பல ஆண்டுகள் ஹார்மோன் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதே நாட்டு ஆய்வாளர்கள் 2002இல், அந்தப் பகுதியில் ஆண் பெண் வேறுபாடு வயது வந்தபின்னரே தெளிவாகத் தோன்றுகிறது என்று காட்டினார்கள். பல திருநங்கையர் ஐந்தாறு வயதிலேயே தம்மை உணர்ந்ததாகச் சொல்லும்போது, அதற்குப் பிறகு தோன்றும் வேறுபாடு எப்படிக் காரணமாகும்? டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டாஃப்னா ஜோயல் குழுவினர் 2015இல், 1,400க்கும் மேற்பட்ட மூளைகளின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்து, பெரும்பாலோரின் மூளை ஆண்களிடம் மிகுதியாகக் காணும் கூறுகளும் பெண்களிடம் மிகுதியாகக் காணும் கூறுகளும் விரவிய கலவையாகவே இருக்கிறது என்றார்கள். படத்தைக் காட்டி ஒருவரின் பாலின அடையாளத்தைச் சொல்லும் கருவி எந்த மருத்துவமனையிலும் இல்லை.

மரபணுவின் பங்கு உண்டு என்பதற்கு இரட்டையர் ஆய்வு ஒன்று துணைநிற்கிறது. 2012இல் பெல்ஜியத்தில் தொகுத்த கணக்கின்படி, ஒருவராவது மாறிய பாலின அடையாளம் கொண்ட ஒருகரு இரட்டையர் 23 இணைகளில் 9 இணைகளில் இருவருமே அப்படி இருந்தார்கள்; ஒரே பாலைச் சேர்ந்த இருகரு இரட்டையர் 21 இணைகளில் ஓர் இணைகூட அப்படி இல்லை. மரபணு எதையோ செய்கிறது என்பது தெரிகிறது. மரபணு முழுவதும் ஒன்றாக இருந்த மீதி 14 இணைகளில் ஒருவர் மட்டுமே அப்படி இருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் உள்ள "வேடமிடுபவர்" என்ற சொல் என்னைக் காயப்படுத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, படிப்பை இழந்து, கடைக்குக் கடை கைதட்டி நிற்கும் வாழ்க்கைக்காக யார் வேடமிடுவார்கள்? உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், உடற்பரிசோதனையைவிட ஒருவரின் உள உணர்வுக்கே முதன்மை தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அறிவியல் இன்று நிற்கும் இடத்துக்கு அந்தத் தீர்ப்பு மிகப் பொருத்தமானது. ஒருவர் யார் என்று அறிய நம்மிடம் உள்ள ஒரே நம்பகமான வழி, அவரையே கேட்பது.

கேட்காமல் தீர்மானித்ததன் விளைவை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பயிற்சி மருத்துவராக நான் இருந்த இடத்தில், ஆணா பெண்ணா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாத உடலமைப்போடு ஒரு குழந்தை பிறந்தது. பெண்ணாக்குவது எளிது என்ற காரணத்தை மட்டுமே வைத்து, பத்து நிமிடப் பேச்சில் பெரியவர்கள் முடிவெடுத்தார்கள்; அந்தத் தாய்க்கு விவரம்கூட முழுதாகச் சொல்லவில்லை. நானும் அந்த அறையில் இருந்தேன், பேசாமல் இருந்தேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றிப் பால் அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்று தமிழ்நாடு அரசு அதே ஆண்டு ஆகஸ்டில் ஆணையிட்டது. இந்தியாவில் முதலில் செய்தது நம் மாநிலம். அந்த ஆணையைப் படித்த அன்று எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வந்தது.

கேள்வி: டாக்டர் அம்மா, என் மகனுக்குப் பதினாறு வயது. தான் ஆண் இல்லை, பெண் என்று மூன்று மாதத்துக்கு முன் என்னிடம் அழுதுகொண்டே சொன்னான். என் மாமியார், "மூணு வயசுல அவனுக்குப் பாவாடை கட்டி, பூ வெச்சு, பொட்டு வெச்சு போட்டோ எடுத்தியே, அதுதான் இப்போ பலிக்குது" என்று தினமும் சொல்கிறார். அவர் சொன்ன அன்றே அந்தப் போட்டோவைக் கிழித்துவிட்டேன். என் கணவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். செல்போனைப் பார்த்துக் கெட்டுவிட்டான் என்கிறார். சரிப்படுத்தித் தரும் டாக்டர் ஒருவர் இருப்பதாக உறவினர் சொல்கிறார். என் வளர்ப்பில்தான் தவறா?
– ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் வளர்ப்பில் தவறில்லை. முதலில் இதை மாமியாரிடமும் படித்துக்காட்டுங்கள்.

ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டி, சவுரி முடி வைத்துப் பின்னி, பூச்சூட்டிப் படம் எடுப்பது தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடப்பது; என் அண்ணனுக்கே அப்படி ஒரு படம் உண்டு. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆண்களாகத்தான் இருக்கிறார்கள். என்னிடம் வந்த திருநங்கையரில் பெரும்பாலோருக்கோ பாவாடை கட்டி யாரும் அழகு பார்க்கவில்லை. நடையைத் திருத்தச் சொல்லி அடித்திருக்கிறார்கள், மொட்டையடித்திருக்கிறார்கள், அறையில் பூட்டியிருக்கிறார்கள். அவ்வளவு அடியாலும் மாறாத ஒன்றை, ஒரு நாள் கட்டிய பாவாடையால் உண்டாக்கியிருக்க முடியாது. டேவிட் ரைமரின் பெற்றோர் பன்னிரண்டு ஆண்டுகள் முழுமனத்தோடு முயன்றும் அவரைப் பெண்ணாக்க முடியவில்லை என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

செல்போனைப் பற்றி உங்கள் கணவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். தனக்குள் பெயரில்லாமல் இருந்த ஒன்றுக்குப் பெயர் உண்டு என்பதை இன்றைய பிள்ளைகள் அங்கேதான் தெரிந்துகொள்கிறார்கள்; தங்களைத் தேடிக்கொண்டிருக்கும் சிலர், கிடைத்த பெயரை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு வேறு முடிவுக்கு வருவதும் உண்டு. உங்கள் பிள்ளை இவற்றில் எது என்று நானோ, உங்கள் கணவரோ, மாமியாரோ சொல்லத் தகுதியுள்ளவர்கள் அல்லர். அதற்குக் காலம் வேண்டும், பயமில்லாமல் பேச ஓர் இடமும் வேண்டும். எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது, எது மிகவும் வலிக்கிறது, உடம்பா, பெயரா, பள்ளியில் யாராவது பேசுவதா என்று கேளுங்கள். பதிலைக் கேட்டு அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், திட்ட வேண்டாம்.

"சரிப்படுத்தும்" மருத்துவரிடம் எந்த நிலையிலும் போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறையில் உள்ள நோய்ப் பட்டியல், இதை மனநோய்களின் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. மாற்றுகிறேன் என்று சிகிச்சை அளிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை செய்யச் சொன்னது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அப்படிச் செய்கிறவர் சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் புறம்பானவர்.

இன்னொரு பக்கம், ஹார்மோன் ஊசிக்கும் அறுவை சிகிச்சைக்கும் இன்றே ஓட வேண்டும் என்பதும் இல்லை. இங்கிலாந்தில் ஹிலாரி காஸ் என்ற குழந்தைநல மருத்துவர் தலைமையில் 2024இல் வெளியான அறிக்கை, பருவ வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளை வளரிளம் பருவத்தினருக்குக் கொடுப்பதற்கான சான்றுகள் வலுவற்றவை என்று கூறியது. அது குறித்து மருத்துவர்களிடையே கடுமையான கருத்து வேறுபாடும் உண்டு. உங்கள் பிள்ளை பதினெட்டு வயதை எட்டி, தனக்காகத் தானே முடிவெடுக்கும் காலம் தொலைவில் இல்லை. அதுவரை, ஊரறிந்த நாட்டு மருந்தையோ, கூட்டாளி வாங்கித் தரும் மாத்திரையையோ ஒளிந்து எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகவாவது உங்களிடம் பேசும் பிள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு உண்டு. போகும்போது உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளை சாப்பிடாமல், உறங்காமல், சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவித் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் மகன், அவன் என்றே எழுதியிருக்கிறீர்கள். பதினாறு ஆண்டுப் பழக்கம், ஒரே நாளில் மாறாது. எப்படி அழைத்தால் பிடிக்கும் என்று பிள்ளையிடமே ஒருமுறை கேளுங்கள். "பாப்பா" என்றோ "கண்ணு" என்றோ, பால் தெரியாத பழைய செல்லப்பெயர் ஏதாவது வீட்டில் இருந்தால், இப்போதைக்கு அதுவே போதுமாக இருக்கலாம்.

அந்தப் புகைப்படத்தைக் கிழித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டூடியோவில் எடுத்ததென்றால் உறவினர் யார் வீட்டிலாவது இன்னொரு பிரதி இருக்கக்கூடும். கிடைத்தால் வாங்கி வையுங்கள்; உங்கள் பிள்ளை அதைக் கேட்கும் நாள் வரலாம்.